‘ஜிஆர்இ வேவர்’ வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் எம்எஸ் (முதுநிலைப் பட்டம்) படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் அவர்களுக்குப் பணம் கட்டும் பெற்றோரும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வை எழுதாமலேயே சேர ‘வேவர்’ (விலக்கு) வாங்கித் தருவதாகச் சொல்லி, திருச்சியில் ஒரு கன்சல்டன்சி என் தம்பியிடம் 45,000 ரூபாய் வாங்கியது. அவன் விண்ணப்பித்த துறைகளில் வேவர் என்று ஒன்றே கிடையாது. அதைவிடக் கொடுமை, அவனுடைய பேராசிரியர் பெயரில் அவர்களே ஒரு பரிந்துரைக் கடிதம் தயாரித்து அனுப்பியிருக்கிறார்கள்.

தம்பி ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பொறியியல் முடித்தவன். சிஜிபிஏ 7.9, அரியர் இல்லை. அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜிஆர்இ கட்டணமே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், கோச்சிங் தனி என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ‘நோ ஜிஆர்இ’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. போய்க் கேட்டதும் அந்த கவுன்சிலர் அப்பாவிடம் சொன்னது இது: “கவலையே படாதீங்க சார். அந்த யூனிவர்சிட்டியெல்லாம் நமக்கு டை-அப். தம்பிக்கு வேவர் நாங்க வாங்கிடுவோம்.” ஒரு பல்கலைக்கழகத்துக்கு 9,000 வீதம் ஐந்துக்குப் பணம் வாங்கினார்கள். விண்ணப்பக் கட்டணம் தனி. ரசீதில் ‘ஜிஆர்இ வேவர் பிராசஸிங்’ என்றே எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறார்கள்.

ரசீதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த ஐந்தில் ஒரு துறையின் அட்மிஷன் அலுவலகத்துக்கு நேரடியாக மெயில் போட்டேன். பதில் சுருக்கமாக வந்தது: எந்த விண்ணப்பதாரரின் ஜிஆர்இ மதிப்பெண்ணையும் நாங்கள் பார்ப்பதில்லை, அதற்காகத் தனியாக விலக்கு கேட்க வேண்டியதில்லை, அப்படி ஒரு படிவமும் எங்களிடம் இல்லை. மற்ற நான்கு துறைகளின் இணையப் பக்கங்களிலும் ஜிஆர்இ தேவையில்லை என்று எல்லோருக்கும் பொதுவாகவே போட்டிருந்தது. அதாவது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படித்துத் தெரிந்துகொள்ளும் ஒரு விதியை எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

இந்த விதி எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் இதில் ஏமாற மாட்டோம். 2014இல் கேஸி மில்லர், கீவன் ஸ்டாஸன் என்ற இரண்டு இயற்பியல் பேராசிரியர்கள் நேச்சர் இதழில் ஜிஆர்இ மதிப்பெண்ணை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று எழுதினார்கள். பெண்களையும் சிறுபான்மையினரையும் அது வடிகட்டிவிடுகிறது, ஆராய்ச்சியில் யார் தேறுவார்கள் என்பதை அது சரியாகச் சொல்வதில்லை என்பது அவர்கள் வாதம். அதற்கடுத்த வருடங்களில் உயிரியல் துறைகள் வரிசையாக அந்தத் தேர்வைக் கைவிட்டன. 2020இல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியபோது இன்னும் பல துறைகள் விட்டன. அவற்றில் சில பிறகு திரும்பவும் கேட்க ஆரம்பித்தன, சில அப்படியே விட்டுவிட்டன. மிச்சிகன் பல்கலைக்கழகம் பிஎச்டி சேர்க்கையில் ஜிஆர்இயைப் பார்ப்பதில்லை என்று மொத்தமாகவே முடிவெடுத்தது. எம்ஐடியின் மின்னியல், கணினித் துறை ஜிஆர்இ கேட்பதே இல்லை. இதெல்லாம் அந்தந்தத் துறைகள் தாமாக எடுத்த முடிவு. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு இதில் யாரும் எதையும் ‘வாங்கித் தர’ முடியாது.

துறையின் பக்கத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். கட்டாயம் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். விருப்பம் என்றால் நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்பலாம். பார்க்க மாட்டோம் என்றால் 335 வாங்கியிருந்தாலும் பயனில்லை. தம்பியின் வகுப்புத் தோழன் ஒருவனை இதே கன்சல்டன்சி தன் ஜிஆர்இ கோச்சிங்கில் சேர்த்துவிட்டு, மதிப்பெண்ணைப் பார்க்கவே பார்க்காத ஒரு துறைக்கும் டாலரில் பணம் கட்டி ஸ்கோர் ரிப்போர்ட் அனுப்ப வைத்தது. தேர்வு எழுதுகிறவனிடமும் காசு, எழுதாதவனிடமும் காசு. சில இடங்களில் வேலை அனுபவத்தையோ சிஜிபிஏவையோ காட்டி உண்மையாகவே விலக்கு கேட்கும் வழி இருக்கிறது. அதை மாணவரே கேட்டுக்கொள்ளலாம். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. அதனால் பல்கலைக்கழகப் பெயரை மட்டும் வைத்துப் போட்டிருக்கும் ‘நோ ஜிஆர்இ’ பட்டியலை நம்பாதீர்கள். டோஃபெல், ஐஇஎல்டிஎஸ் கதையே வேறு. ஜிஆர்இ வேண்டாம் என்றால் ஆங்கிலத் தேர்வும் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு ஆறாத விஷயம். மதிப்பெண்ணைப் பார்க்காத துறை வேறு எதைப் பார்க்கும்? படித்த பாடங்கள், செய்த புராஜெக்ட், எஸ்ஓபி (ஏன் படிக்க வருகிறேன் என்று மாணவர் எழுதும் கட்டுரை), பேராசிரியர்கள் எழுதும் பரிந்துரை. மொத்தப் பாரமும் இவற்றின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் இவர்கள் கை வைத்தார்கள்.

தம்பி கடைசி வருடத்தில் வயலில் ஈரப்பதம் பார்த்து மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு கருவி செய்தான். லால்குடியில் எங்கள் சித்தப்பா வயலில் வைத்துச் சோதித்தும் பார்த்தான். மழையில் சென்சார் கெட்டுப்போய், அதைத் திரும்பச் செய்து வைத்த கதையையெல்லாம் அவனே எழுதிக் கொடுத்திருந்தான். கன்சல்டன்சி அனுப்பிய எஸ்ஓபியில் அதில் ஒரு வரிகூட இல்லை. சின்ன வயதிலிருந்தே எலக்ட்ரானிக்ஸ் மேல் தீராத ஆர்வம் என்று ஆரம்பித்து, இரண்டாம் பத்தியில் அவன் செய்யாத ஒரு ரோபோ புராஜெக்ட் இருந்தது. வேறு யாருடைய எஸ்ஓபியையோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து தம்பியின் புராஜெக்ட் கைடுக்குக் கல்லூரி மெயிலில் ஒரு கேள்வி வந்தது: இந்த ஜிமெயில் முகவரி உங்களுடையதா, இந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதினீர்களா? அவர் தம்பிக்கு போன் செய்தார். “என்னப்பா இது? என் பேர்ல யாரோ லெட்டர் போட்டிருக்காங்க. உனக்குத் தெரிஞ்சுதான் நடந்ததா?” தம்பிக்குப் பேச்சே வரவில்லை. ‘எல்ஓஆர் (பரிந்துரைக் கடிதம்) நாங்க பார்த்துக்கறோம்’ என்று கவுன்சிலர் சொன்னதை, பேராசிரியரிடம் பேசி வாங்குவார்கள் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். அந்த விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

சேர்க்கை கிடைத்த பிறகு இது தெரிய வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். போலிக் கடிதம் என்று கண்டுபிடித்தால் கொடுத்த இடத்தையே பல்கலைக்கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். பொய்த் தகவல் கொடுத்து விசா வாங்கப் பார்த்தார் என்று தூதரகம் முடிவு செய்தால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி நிரந்தரத் தடை வரலாம். செய்தது கன்சல்டன்சியாக இருந்தாலும் விண்ணப்பத்தில் இருப்பது பிள்ளையின் பெயர்தான்.

அவர்கள் கொடுத்த கல்லூரிப் பட்டியலுக்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் வெளிநாட்டு மாணவர் சேர்ந்தால் ஏஜென்டுக்கு கமிஷன் கொடுக்கின்றன. அது அங்கே சட்டப்படி செல்லும். ஆனால் கமிஷன் வாங்குகிறவர் கமிஷன் தராத நல்ல துறையை ஏன் காட்டப்போகிறார்? ‘உங்களுக்கு எந்தக் கல்லூரியிலிருந்து கமிஷன் வருகிறது’ என்று முதல் நாளே கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

விண்ணப்பக் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் பாஸ்வேர்டில்தான் இருக்க வேண்டும். தம்பியின் ஐந்து கணக்குகளும் கன்சல்டன்சியின் மெயிலில்தான் இருந்தன. ஒரு துறை கூடுதலாக ஒரு சின்ன வீடியோ கேட்டிருந்தது. கெடு முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

சென்னையில் அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் யூஎஸ்ஐஇஎஃப் (அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை) அலுவலகம் இருக்கிறது. அங்கே அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் எஜுகேஷன்யூஎஸ்ஏ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இது அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாடு, கமிஷன் பேச்சே கிடையாது. சென்னை வர முடியாதவர்கள் இணையம் வழியாகவும் கேட்கலாம். தம்பி இப்போது அவர்கள் வழிகாட்டுதலில் அடுத்த சேர்க்கைக்குத் தயாராகிறான். நடந்ததை எழுத்தில் விளக்கிக் கொடுத்த பிறகு, பேராசிரியரே தன் கல்லூரி மெயிலிலிருந்து கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘சர்வீஸ் கொடுத்தாச்சு, ரீஃபண்ட் கிடையாது’ என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் அனுப்பிய எஸ்ஓபி, துறையிலிருந்து வந்த பதில் மெயில் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து இணைத்தோம். உங்களிடமும் இதே மாதிரி ‘வேவர்’ என்று எழுதிய ரசீது இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள், ‘புது பில் போட்டுத் தரோம்’ என்று கேட்டாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள். எங்களிடம் அப்படித்தான் கேட்டார்கள்.