வெளியேறியவளும் வீட்டுக்குள் இருப்பவளும்

பெண்களின் போராட்டத்தைச் சொல்லும் புத்தகங்களை எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், சாதித்த பெண் ஒருத்தியின் கதையைத்தான் பெரும்பாலும் கையில் கொடுக்கிறோம். தமிழில் அதற்கு ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ இருக்கிறது. ஆனால் நான் முதலில் நீட்டுவது சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யைத்தான்.

ராஜம் கிருஷ்ணனின் நாயகி மணலூர் மணியம்மை, கணவரை இழந்த பிராமணப் பெண். கைம்பெண் கோலத்தை உதறிவிட்டு, முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, தஞ்சைப் பண்ணையாள்களைத் திரட்டியவர். 1953இல் மான் முட்டி இறந்துபோனார். இது வெறும் கற்பனையாக இருந்திருந்தால் அந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவரை அறிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதிய உழைப்பு நாவலில் தெரிகிறது. ஆனால் மரியாதை கொஞ்சம் கூடிப்போய்விட்டது. மணியம்மை தடுமாறும் இடங்கள் குறைவு. படித்து முடித்ததும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது, கூட உட்கார்ந்து பேசத் தோன்றுவதில்லை.

சல்மாவின் நாவல் 2004இல் வந்தது. பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்ட ஒருவர் எழுதியது. வீட்டுக்குள்ளேயே அடைபட்டு வாழும் முஸ்லிம் பெண்களிடையே ராபியா என்ற சிறுமி வீட்டுக்கு வீடு ஓடித் திரிகிறாள். பெரியவர்கள் பேசிக்கொள்வது அவளுக்குப் பாதிதான் புரிகிறது, மீதி நமக்குப் புரிகிறது. பிர்தவ்ஸ் என்ற பெண் முதலிரவிலேயே கணவனோடு வாழ மாட்டேன் என்று மறுத்துவிட்டுத் தாய்வீடு திரும்புகிறாள். அங்கே அவளைக் கண்காணிப்பவர்களில் பெண்களே அதிகம். பெற்ற தாய்க்கு ஊர் வாயை நினைத்து நடுக்கம். அந்தப் பயம் அந்தத் தாயை எதுவரை கொண்டுபோகிறது என்பதை நான் சொல்லிவிட்டால் வாசிப்பு கெட்டுவிடும். காவல் காப்பவளும் அதே காவலில் இருப்பவள்தான் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய தமிழ் நாவல்கள் குறைவு. ஒரு குறை, பாத்திரங்கள் ஏராளம். யார் யாருக்கு என்ன உறவு என்று தொடக்கத்தில் தலை சுற்றும். ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

பாமாவின் ‘சங்கதி’ (1994) இரண்டோடும் ஒட்டாது. இதில் வரும் தலித் பெண்களுக்கு அடைபட்டுக் கிடக்க வசதியில்லை, காட்டு வேலைக்குப் போனால்தான் சோறு. மாரியம்மாவிடம் தவறாக நடக்கப் பார்த்துத் தோற்ற நிலக்காரர், பழியை அவள்மீதே திருப்பிவிடுகிறார். ஊர்க்கூட்டம் கூடுகிறது. அவளுக்கு அபராதம் 200 ரூபாய், அவளோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட மாணிக்கத்துக்கு 100. வாசலைத் தாண்டிவிட்டால் விடுதலை என்ற எண்ணத்தை இந்தத் தீர்ப்பு ஒன்றே கலைத்துவிடுகிறது. கதை என்று ஒரே கோடாக எதுவும் ஓடாததால் சிலருக்கு இது நாவலாகவே படாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

நாவலுக்கு நேரமில்லாதவர்களுக்கு அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற ஒரு சிறுகதை போதும். சமையலறைக்கு வெளியே இருக்கும் இடத்தை அகலப்படுத்தலாம் என்று மருமகள் மீனாட்சி யோசனை சொல்கிறாள். சில நாட்களில் அங்கே கயிறு கட்டி ஈரப் புடவைகள் தொங்குகின்றன, ஜன்னலில் தெரிந்த மலை மறைந்துவிடுகிறது. அடி இல்லை, வசவு இல்லை, மறுப்பு மட்டும் தெளிவாக வந்து சேர்ந்துவிடுகிறது.

சல்மா, அம்பை, பாமா, கடைசியில் ராஜம் கிருஷ்ணன் என்பது என் வரிசை. உள்ளே இருப்பவர்களின் கதையைப் படித்த பிறகுதான் மணியம்மை வேட்டி கட்டியது எவ்வளவு பெரிய காரியம் என்று உறைக்கும். கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் ‘சங்கதி’யை முதலில் கொடுப்பேன். வசவும் சிரிப்புமாகப் போவதால், பாடம் நடத்துகிறார்கள் என்று அவர்கள் பாதியில் மூடிவைக்க மாட்டார்கள்.