"இதே மாதிரி ஒன்று கொடுங்க"

ஊருக்குப் போய்விட்டு வந்து பத்து நாள் ஆகிறது. மற்ற வேலைகளெல்லாம் நல்லபடியாக முடிந்தன, அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்னும் மனதை விட்டுப் போகாமல் இருப்பது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டுதான். ட்ரோனின் இறக்கை.

என்னுடையது மேவிக் மினி. 249 கிராம்தான் என்பதால் கைப்பையிலேயே அடங்கிவிடும். நாம் பிறந்த வீடு மேலேயிருந்து எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குக் காட்ட வேண்டும், இது எனக்கு நான்கு வருட ஆசை. இரண்டாம் நாள் காலையிலேயே மரக்கிளையில் உரசிக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உடம்பில் கீறல்கூட இல்லை, கேமரா ஒழுங்காகத் திரும்பியது. ஒரே ஒரு இறக்கையின் நுனியில் மட்டும் அரிசி அளவுக்கு ஒரு சில்லு போயிருந்தது. உபரி இறக்கைப் பொட்டலமோ நான் வசிக்கும் இடத்தில், அங்கே என் மேசை இழுப்பறையில்.

அங்கே என்றால் இறக்கையின் மாடல் எண்ணை இணையத்தில் அடித்து ஆர்டர் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். மறுநாள் வாசலில் உறை கிடக்கும். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஊரில் நமக்குப் பழகிய வழிதான் தெரியுமே: உடைந்ததைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், மேசை மேல் வைத்து, "இதே மாதிரி ஒன்று கொடுங்க" என்று கேட்பது. குழாய் வாஷரிலிருந்து மிக்ஸி கப்ளர் வரை எங்கள் வீட்டில் அப்படித்தான் வாங்கினார்கள். மாதிரி கையில் இருந்தால் தப்பு வராது என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையில்தான் ட்ரோன், கேமரா எல்லாம் பிரித்துப் பார்க்கும் ஓர் இடத்துக்குப் போனேன்.

மேசையில் இருந்தவர் என் இறக்கையை வாங்கி, டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். நீளம் சரியாக இருந்தது. ஸ்க்ரூ துளையும் துளையும் பொருந்தின. "பாருங்க சார், கரெக்டா உட்காருது" என்றார். நானும் குனிந்து பார்த்துத் தலையாட்டினேன். அவரே மாட்டியும் கொடுத்தார். பத்தே நிமிடம்! அங்கே இதற்குப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டு இரண்டு வாரம் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நம் ஊர் நம் ஊர்தான் என்று மனம் குளிர்ந்து வீடு திரும்பினேன்.

மாலையில் பறக்கவிட்டேன். ஏறியது, நின்றது, சொன்ன பக்கம் போனது. இரவு அப்பாவை உட்காரவைத்து வீடியோவைப் போட்டால், வீட்டுச் சுவர் நெளிகிறது. கதவு நிலை, மாடிக் கைப்பிடி, நேராக இருக்க வேண்டிய ஒவ்வொரு கோடும் தண்ணீருக்குள் தெரிவதுபோல் அலைந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. விழுந்ததில் கேமரா போய்விட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போய்ச் சொன்னால், "பறக்குதுல்ல சார்? அப்ப ப்ரொப்பெல்லர் சரியா இருக்கு. கேமராவை ஆடாமத் தாங்குற கிம்பலைப் பிரிச்சுப் பார்க்கணும், வச்சுட்டுப் போங்க" என்றார். இதில்தான் எனக்குக் கோபம் வந்தது. நேற்றுவரை ஒழுங்காகப் படம் எடுத்த கேமரா அது. இடையில் மாறியது ஒரே ஒரு பொருள், அதை மாற்றியவர் அவர். அதை ஒருமுறை கழற்றிப் பார்க்கலாமே என்றால் காது கொடுக்கவில்லை. பறக்கிறது என்பது ஒரு சான்றே இல்லை. ஒரு மோட்டாரில் குறை இருந்தால், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி நொடிக்கு நொடி வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. கேமராவிடம் அது மறையாது. சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் அதிர்ந்தால் நேர்க்கோடு அலையாகிவிடும்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உள் மேசையில் வேலையாக இருந்த ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், எழுந்து வந்தான். "அண்ணா, அந்தப் பழைய இறக்கை இருக்கா?" காகித மடிப்போடு பையிலேயே இருந்தது. புதியதையும் கழற்றினான். இரண்டின் அடிப்பாகத்தையும் விரல்களுக்கிடையில் சேர்த்துப் பிடித்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, நுனிப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "மேலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா. இப்படிப் பாருங்க."

பார்த்தேன். பழையது அடியில் நன்றாக நிமிர்ந்து, நுனிக்குப் போகப் போகத் திருகிப் படிந்திருந்தது. புதியது அடியிலிருந்தே தட்டை. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. என் கட்டைவிரலைப் பிடித்துப் புதியதன் ஓரத்தில் நகத்தால் வருடச் சொன்னான். அச்சில் வார்த்தபோது பிதுங்கிய பிசிறு நகத்தில் சிக்கியது. பழையதில் நகம் வழுக்கிக்கொண்டு போனது.

அவன் காட்டிய பிறகுதான் அந்த எண்ணின் பொருள் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் எண்ணை அடித்து வாங்கியிருக்கிறேன், அது என்ன என்று யோசித்ததில்லை. மேவிக் மினியின் இறக்கை 4726. முதல் இரண்டு இலக்கம் சுழலும் வட்டத்தின் விட்டம், 4.7 அங்குலம். அடுத்த இரண்டு பிட்ச், 2.6 அங்குலம். அதாவது திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்ற கணக்கு. பெரிய மாடலான மேவிக் ப்ரோவின் 8330 என்றால் 8.3 அங்குல விட்டம், 3 அங்குல பிட்ச். மாதிரியை மேலே வைத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு 47 தெரியும், 26 தெரியாது. இந்த ட்ரோனில் ஒரு மோட்டாருக்கு இரண்டு இறக்கை. ஒரே மோட்டாரில் ஒரு பக்கம் நிமிர்ந்த இறக்கை, மறுபக்கம் தட்டையான இறக்கை என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதறல். நான் படம் பிடித்தது அந்த உதறலைத்தான்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது, நல்லவேளையாக அது நடக்கவில்லை. நான்கு மோட்டாரில் இரண்டு ஒரு பக்கம் சுழலும், இரண்டு எதிர்ப்பக்கம் சுழலும். மூலைக்கு மூலை எதிரே இருப்பவை ஒரே திசை. இறக்கையும் அதற்கேற்ப இரண்டு வகை, கண்ணாடியில் பார்ப்பதுபோல் நேர் எதிர். இரண்டும் ஒரே துளையில் உட்காரும்! மாற்றி மாட்டினால் காற்றை மேலே தள்ளும், ஏறும்போதே தலைகுப்புறக் கவிழும். இந்த மாடலில் மோட்டாரைத் தாங்கும் கைகளில் கோடு போட்டவற்றுக்குக் கோடு போட்ட இறக்கைதான் போக வேண்டும்.

"ரெண்டையும் மாத்திடலாம் அண்ணா" என்றான். ஒன்றுதானே உடைந்தது, நல்லதை ஏன் கழற்ற வேண்டும் என்று வாதாடினேன். அங்கே இருந்து இருந்து நான் சிக்கனத்தை மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள், அன்று எனக்கே மனசு வரவில்லை. அவன் விடவில்லை. ஒரு மோட்டாரின் இரண்டு இறக்கையும் ஒரே பொட்டலத்திலிருந்து வர வேண்டும், ஸ்க்ரூவும் புதிதாக இருக்க வேண்டும் என்றான். பிற்பாடு கையேட்டை எடுத்துப் பார்த்தேன், அவன் சொன்னதுதான் அதிலும் இருக்கிறது. ஜோடியாக எடை பார்த்துப் போட்ட பொட்டலத்தைக் கலைத்தால் எடை பார்த்ததற்கே பொருளில்லை.

முதலில் மாட்டியவர் அளவு சேராத திருப்புளியால் ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்து வைத்திருந்தார். அதைக் கழற்றத்தான் நேரம் பிடித்தது. பையன் அவசரப்படவே இல்லை. பழைய மரையில் ஒட்டியிருந்த, ஸ்க்ரூ தளராமல் இருக்கப் போடும் நீலப் பிசினை ஊசிமுனையால் சுரண்டி எடுத்து, புது ஸ்க்ரூக்களைப் போட்டு முடுக்கினான். பிறகு ட்ரோனைச் சாய்த்துப் பிடித்து இறக்கைகளை விரலால் தட்டினான். இரண்டும் தன் எடையிலேயே விழுந்தன. இறுகி நின்றால் சுழலும்போது நேராக விரியாதாம்.

உடையாத கார்பன் ஃபைபரில் வாங்கிப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். பிளாஸ்டிக் இறக்கை வளைந்து கொடுக்கும், உடைந்தால் இறக்கை மட்டும்தான் உடையும். விறைப்பானது அடியை மோட்டார் தண்டுக்குக் கடத்திவிடும், விரலில் பட்டாலும் காயம் ஆழமாக இருக்கும். எனக்கும் அதே எண்ணம்தான், அங்கே நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு மோட்டாரை இழந்தார்.

கடையிலேயே ட்ரோனை மார்பு உயரத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தி இறக்கினான். நான்கு மோட்டாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான். நான்கும் ஒரே வெதுவெதுப்பு. முதல் நாளே தொட்டுப் பார்த்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. வீடியோவை அவன் திரையிலேயே ஓட்டினோம். எதிர்ச் சுவரின் விளிம்பு வைத்த இடத்தில் நின்றது.

ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கிக்கொண்டேன். அதன்மேல் பேனாவால் "4726, ஜோடி" என்று அவனே எழுதிக் கொடுத்தான். கிளம்பும்போது முன்மேசையில் வேறொருவர் உடைந்த இறக்கையை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் மாட்டிக்கொடுத்தவர் புதியதை எடுத்து அதன்மேல் வைத்தார். எனக்குப் பேசாமல் போக மனமில்லை. "அண்ணா, நுனிப்பக்கமிருந்து ஒருதடவை பார்த்துடுங்க" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினார்.