டிரையர் சுற்றவில்லையா? மூடியைத் திறந்து காட்டி "மோட்டார் ஜாம்" என்பார்கள், நம்பாதீர்கள்

தாம்பரம் பக்கம் இருக்கிறோம். ஏழு வருடப் பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், துவைக்க ஒரு பக்கம், பிழிந்து உலர்த்தும் டிரையர் இன்னொரு பக்கம். வெயில் காலத்தில் அதன் டிரையரை யாரும் சீண்டுவதில்லை, மொட்டை மாடிக் கொடியே போதும். அடைமழை பிடித்தால்தான் அதன் அருமை தெரியும். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மகளின் யூனிஃபார்ம் இரண்டு செட்டும் சொட்டச் சொட்ட இருக்கும்போது டைமரைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். டிரம் அசையவில்லை. துவைக்கும் பக்கம் நன்றாகத்தான் ஓடியது.

முதல் தப்பு என்னுடையது. கம்பெனி பெயரோடு 'சர்வீஸ் சென்டர்' என்று நெட்டில் தேடி, மேலே வந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைத்தார். மறுநாள் வந்த மெக்கானிக்கும் அந்தப் பெயர் போட்ட டீ-ஷர்ட்டில்தான் வந்தார். கம்பெனிக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, டிரையர் மூடியைத் திறந்து, "மேடம், உள்ள கை வச்சு சுத்திப் பாருங்க" என்றார். சுற்றினேன். இம்மிகூட அசையவில்லை. "பாத்தீங்களா, மோட்டார் ஜாம். உள்ள காயில் எரிஞ்சிருக்கும்." என் கையாலேயே சுற்றிப் பார்த்துவிட்ட பிறகு நான் என்ன பேசுவது? ஆபீஸ் மீட்டிங் வேறு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் 2,600, லேபர் 500, விசிட் 300, ஆக 3,400 ரூபாய். பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை. பழைய மோட்டாரை ஒரு கோணிப்பையில் போட்டு, "குப்பைதானே மேடம்" என்று கையோடு கொண்டுபோய்விட்டார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பதினோராம் நாள் அதே முனகல். போன் அடித்தால் ரிங் போகிறது, எடுப்பாரில்லை.

தெருமுனையில் மிக்ஸி, ஃபேனுக்குக் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறது. அறுபதைத் தாண்டிய அண்ணன். அவரை அழைத்து வந்து, நானே முந்திக்கொண்டு மூடியைத் திறந்து, "மோட்டார் ஜாம் அண்ணே, கையாலகூட சுத்த முடியல" என்று காட்டினேன். சிரித்துவிட்டார்.

"மூடியத் திறந்தா பிரேக் பிடிக்கும்மா. கடையில இருக்கிற புது மெஷினைத் திறந்து சுத்திப் பாரு, அதுவும் இப்படித்தான் நிக்கும்."

டிரையர் நிமிஷத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுற்றும். ஓடும்போது குழந்தைகள் கையை விட்டுவிடக் கூடாதே என்று, மூடியைத் திறந்ததும் கரண்ட் நின்று, டிரம்முக்கு அடியில் இருக்கும் பிரேக் டிரம் என்ற சக்கரத்தை பிரேக் கட்டை கவ்வும்படி வைத்திருக்கிறார்கள். மூடினால் ஒரு கம்பி இழுபட்டு கட்டை விலகும். அந்தக் கம்பி நாளடைவில் தளர்ந்துபோனால், மூடியை மூடினாலும் பிரேக் முழுசாக விடாது. மோட்டார் சுற்ற முடியாமல் முனகிக்கொண்டே நிற்கும். எங்கள் மெஷினுக்கு வந்த நோய் இவ்வளவுதான்.

அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார். மேல்மூடியை மூடச் சொல்லிவிட்டு, பின்பக்கமாகக் கையை விட்டு பிரேக் டிரம்மைத் திருப்பினார். கரகரவென்று உரசியது. கம்பியை அரை அங்குலம் இழுத்து முடிச்சை மாற்றிக் கட்டி, ஒரு விரலால் தட்டினார். சத்தமில்லாமல் சுற்றியது. முதலில் வந்தவர் மோட்டார் மாட்டும்போது இதே கம்பியைத்தான் ஒப்புக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார், அது அவிழ்ந்துவிட்டது. 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

போகும்முன் புது மோட்டாரின் காயில் முனையை பிளேடால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறப் பூச்சு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். "கம்பெனி மோட்டார் காப்பர்மா. எரிஞ்சிருந்தா வீடே நாறியிருக்கும். நல்ல மோட்டாரைத் தூக்கிக் குடுத்துட்டியே." அன்றைக்கு வீட்டில் துளி வாடைகூட அடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில் சிலது. பிரேக் நன்றாக விட்டும் முனகினால் அடுத்த சந்தேகம் கெப்பாசிட்டர் மேல்தான், மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன டப்பா அது. மோட்டாரோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. நீங்களாக அதைத் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். ஒரு சத்தமுமே இல்லையென்றால் மூடி சுவிட்ச், டைமர், இல்லாவிட்டால் எலி கடித்த வயர். எங்கள் ஏரியாவில் முதலில் எலியைத்தான் பார்க்க வேண்டும். டிரையருக்குள் அமுக்கி வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு தருவார்களே, அதைப் போடாமல் ஓட்டினால் சாக்ஸ் பறந்து டிரம்முக்கு அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். வடிகால் ஹோஸைத் தரையில் போடாமல் உயரத்தில் மாட்டி வைத்தால் அடியில் தண்ணீர் தேங்கி டிரம் திணறும். தடதடவென்று ஆடினால் பெரும்பாலும் துணி ஒரே பக்கமாகக் குவிந்திருக்கும், பரப்பி வைத்தாலே போதும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான். பில்லும் இல்லை, பழைய மோட்டாரும் இல்லை. கம்பெனியின் நிஜ நம்பர் வாரண்டி அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஏழு வருடமாக அந்த அட்டை பீரோவில்தான் இருந்தது.