பில் இல்லாமல் பிரேக் பேட் வாங்காதீர்கள்

எங்கள் வேகன்ஆர் காருக்கு முன்சக்கர பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றுவது எப்போதும் நான்தான். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கி, அதிலுள்ள பிஸ்டனை சி-கிளாம்ப் என்ற இறுக்கியால் மெதுவாக உள்ளே தள்ளிப் புது பேடை மாட்டினால் முடிந்தது. வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பார்க்க மட்டும் மறக்கக் கூடாது.

இந்த முறை சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன். கம்பெனிப் பெட்டி, ஹோலோகிராம் எல்லாம் இருந்தது. வழக்கமான கடையைவிட 400 ரூபாய் குறைவு. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், எதுக்கு?" என்றார் கடைக்காரர். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ரொக்கமாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரத்தில், பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. என் கைவேலையில்தான் கோளாறு என்று ஒரு ஞாயிறு முழுக்க காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்களைத் துடைத்து கிரீஸ் வைத்தேன். சரியாகவில்லை. அடுத்த ஞாயிறு மனைவியைப் பெடல் மிதிக்க உட்காரவைத்து பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று புகுந்திருக்குமோ என்று அதை வெளியேற்றினேன். "பேட் மாத்தும்போது லைனையே திறக்கலையே, காத்து எப்படிப் போகும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் பிரேக் ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை கழற்றியபோதுதான் பேடையே உற்றுப் பார்த்தேன். வலப்பக்கத்து உள் பேடில், உராய்ந்து பிடிக்கும் லைனிங் அது ஒட்டியிருந்த இரும்புத் தகட்டை விட்டு எழும்பியிருந்தது. இடுக்கில் நகம் நுழைந்தது. ஓரத்தைத் தேய்த்தால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. வலது சக்கரத்தில் பிடி குறைந்ததால் வண்டி இடப்பக்கம் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் முழுதாகப் பெயர்ந்திருந்தால்? அப்புறம் பழைய பேடை எடுத்து ஒப்பிட்டேன். அதன் தகட்டில் எண்கள் பதிந்திருந்தன. புதியதில் வெறும் கறுப்பு பெயின்ட். வாங்கும்போதே பழையதைக் கையில் கொண்டுபோயிருந்தால் ஒரு நிமிட வேலை.

கடைக்குப் போனேன். "இங்கதான் வாங்கினீங்கன்னு என்ன ஆதாரம்? மெக்கானிக்கிட்ட விடாம நீங்களே தப்பா மாட்டியிருப்பீங்க" என்றார் அதே ஆள், முகம் மாறாமல். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் அதே பெட்டியை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தான். "பில் கேளுங்க சார்" என்று அவரிடம் உரக்கச் சொன்னேன். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். வாங்கினாரா என்று பார்க்க நான் நிற்கவில்லை.