ஐப்பசிக் காய்ச்சலும் அம்மாவின் கால் வீக்கமும்: ஊரில் பார்த்த வைத்தியம்

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். நான் குடும்பத்தோடு இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். தீபாவளியை ஒட்டி ஊருக்குப் போனபோது வீட்டில் இரண்டு பேருக்கு வைத்தியம் பார்க்க வேண்டி வந்தது. அண்ணன் மகனுக்குக் காய்ச்சல், அம்மாவுக்குக் கால் வீக்கம். இரண்டுமே நம் ஊரில் எந்த கிளினிக்கிலும் தினமும் வந்து உட்காரும் சங்கதிதான். அதனாலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஊரில் டாக்டரைப் பார்ப்பது சுலபம். லெஸ்டரில் காலை 8 மணிக்கு ஃபோனை எடுத்து வரிசையில் காத்திருக்க வேண்டும். அவசரமில்லாத விஷயம் என்றால் வாரக்கணக்கில் தள்ளிப் போகும். ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் டாக்டர் முன்னால் இருக்கலாம். பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தால் ராத்திரிக்குள் ரிசல்ட் வாட்ஸப்பில் வந்துவிடும். இந்த வேகத்தை வெளிநாட்டில் இருக்கிற நாம் எல்லோரும் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு என்ன கேட்கிறார்கள், எங்கே தொட்டுப் பார்க்கிறார்கள் என்பதில்தான் வைத்தியமே இருக்கிறது. அதில் இந்த முறை இரண்டு எல்லைகளையும் பார்த்தேன்.

அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. திடீரென்று காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் குத்துகிறது என்றான். மறுநாள் சாயங்காலம் மதினி அவனை டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனார், நானும் போனேன். நல்ல கூட்டம். டாக்டர் நெற்றியைத் தொட்டார், நெஞ்சில் ஸ்டெத் வைத்தார். “ஊசி போட்டாத்தான் இவனுக்குக் கேக்கும் சார்” என்றார் மதினி. இடுப்பில் ஓர் ஊசி, அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், ஒரு சிரப், ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு. ராத்திரி ரிசல்ட் வந்தது: வைடால் பாசிட்டிவ். “டைபாய்டு ஆரம்பம், நாளைக்கு வந்து டிரிப்ஸ் ஏத்திக்குங்க” என்று ஃபோனில் சொன்னார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வைடால் என்பது டைபாய்டு கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் பழைய பரிசோதனை. டைபாய்டு சகஜமாக இருக்கும் நம் ஊரில் நல்லா இருக்கிற ஆட்களுக்கே அது லேசாகப் பாசிட்டிவ் காட்டும். வேறு காய்ச்சலிலும் காட்டும். அதுவும் காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே எடுத்த ஒற்றை வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவதே சரியான வழி. ‘டைபாய்டு ப்ளஸ்’ என்று ஒரு சீட்டு வாங்கி வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திரை சாப்பிடும் எத்தனையோ பேரை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

அந்த ஊசி எனக்கு இன்னும் பெரிய கவலையாக இருந்தது. சீட்டில் டைக்ளோஃபினாக் என்று இருந்தது, அது வலி மருந்து. மழைக்காலம், தெருவில் டெங்கு மருந்து ஊற்றுகிறவர்கள் வீடு வீடாக வந்து சிமெண்ட் தொட்டியை எட்டிப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வரும் காய்ச்சலை டெங்கு இல்லை என்று தெரிகிற வரைக்கும் டெங்கு என்றே நினைத்து நடந்துகொள்ள வேண்டும். டைக்ளோஃபினாக், புரூஃபென், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் போதும். அதுவும் குழந்தையின் எடைக்குக் கணக்குப் பார்த்து, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில்.

மூன்றாம் நாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அண்ணனுக்கு மனசில்லை. “கவர்மெண்ட்ல என்னத்த பாத்திருவாங்க” என்றார். ஓ.பி. சீட்டு போட்டு, பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தோம். ஃபேன் ஒன்றுதான் ஓடியது. டாக்டர் சின்ன வயசுப் பெண். அவர் கேட்ட முதல் கேள்வி: “காய்ச்சல் எந்தக் கிழமை, எந்த நேரத்துக்கு ஆரம்பிச்சுது?” மதினி யோசித்துச் சொன்னதும் சீட்டின் மேல் ஓரத்தில் ‘நாள் 3’ என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டார். அப்புறம் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான், வாந்தி உண்டா, வயிறு வலிக்கிறதா, பல் ஈறில் ரத்தம் வந்ததா, தெருவில் வேறு யாருக்காவது காய்ச்சலா என்று வரிசையாகக் கேட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னால் என்று தேடினார். ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல் இருக்கிறது. புதர்க்காட்டில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், பெரும்பாலும் மறைவான இடத்தில். அதைக் கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும், தவறவிட்டால் நுரையீரல் வரை போகும். சட்டையைக் கழற்றச் சொல்ல அரை நிமிஷம் ஆகிறது. அந்த அரை நிமிஷம் முந்தின நாள் கிளினிக்கில் கிடைக்கவில்லை.

பையனுக்குப் பொருக்கு இல்லை. பிரஷர் பட்டையைக் கையில் கட்டி ஐந்து நிமிஷம் அப்படியே காற்றேற்றி வைத்து, அவிழ்த்த பிறகு முன்கையில் ஒரு அங்குலச் சதுரத்தில் சிவப்புப் புள்ளிகளை எண்ணினார். பத்துக்கு மேல் இருந்தது, டெங்குவைச் சந்தேகிக்க அது ஒரு குறி. ரத்தம் எடுத்து அணுக்கள் எண்ணிக்கை அங்கேயே பார்த்தார்கள், என்எஸ்1 பரிசோதனைக்கு மாதிரியை அனுப்பினார்கள். என்எஸ்1 என்பது டெங்கு வைரஸின் புரதம், முதல் ஐந்து நாளுக்குள் பார்க்க வேண்டியது. அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள். அதனால்தான் அந்த ‘நாள் 3’ வட்டம்.

மறுநாள் டெங்கு என்று உறுதியானது. டிரிப்ஸ் ஏற்றவில்லை. அவன் வாயால் குடிக்கிறான், ஒண்ணுக்குப் போகிறான், அப்புறம் எதற்கு என்றார் டாக்டர். கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல். அஸித்ரோமைசினை நிறுத்தச் சொன்னார். தினமும் காலையில் வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார். அவர் மதினியிடம் சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோஷப்படுற நாள்தான் நீங்க ரொம்பக் கவனமா இருக்க வேண்டிய நாள். அன்னைக்கு வயித்து வலி, விடாத வாந்தி, கை கால் சில்லுனு ஆகுறது, பையன் சோர்ந்து படுக்கிறது, எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம வந்துருங்க.” டெங்கு வைத்தியத்தின் மையமே இதுதான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் தானாகச் சரியாகும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

ப்ளேட்லெட் 1,10,000-இலிருந்து இறங்கி 62,000-க்கு வந்ததும் வீடே கலங்கிவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டு போய் ப்ளேட்லெட் ஏற்ற வேண்டும் என்று அண்ணன் நின்றார். டாக்டர் அந்த எண்ணைவிட பி.சி.வி. என்ற, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று காட்டும் இன்னொரு எண்ணையே தினமும் ஒப்பிட்டுப் பார்த்தார். நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அது ஏறும். அது ஏறவில்லை. ரத்தக்கசிவு இல்லாதபோது ப்ளேட்லெட் 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். பப்பாளி இலைச் சாறு பற்றி மதினி கேட்டபோது அவர் திட்டவில்லை. “கசப்புல அவன் வாந்தி எடுத்தா, அது டெங்குவால வந்த வாந்தியா சாறுனால வந்ததான்னு எனக்குத் தெரியாமப் போயிரும், வேண்டாம்மா” என்றார். இப்படி ஒரு காரணத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மதினி அன்றோடு விட்டுவிட்டார். பையன் மேற்கொண்டு ஊசி இல்லாமல், டிரிப்ஸ் இல்லாமல் தேறினான்.

அந்த நம்பிக்கையில்தான் அம்மாவையும் அங்கே கூட்டிப் போனேன்.

அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் பல வருஷமாக உண்டு. கொஞ்ச காலமாகக் கணுக்காலில் வீக்கம், சாயங்காலமானால் செருப்பு நுழையாது. தனியார் மருத்துவமனை ஒன்றில் கிட்னி, இதயம் எல்லாம் சோதித்து நார்மல் என்றார்கள், ஆனாலும் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார்கள். அது ராத்திரியெல்லாம் எழுப்பிவிட்டது, தலை சுற்றல் வேறு. வீக்கம் குறையவில்லை.

டாக்டர் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். அம்லோடிபின் 10 மில்லிகிராம். “இது எப்பம்மா அஞ்சுல இருந்து பத்தாச்சு?” போன பங்குனி என்றார் அம்மா. வீக்கம்? சித்திரையில். அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது. அம்லோடிபின் நல்ல மாத்திரை, உலகம் முழுக்கப் பிரஷருக்குக் கொடுப்பது. அளவு கூடக் கூட சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது உடம்பில் உப்பும் நீரும் தேங்குவதால் வருவதில்லை, நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து அந்த இடத்தில் மட்டும் நீர் கசிவதால் வருவது. அதனால் நீர் மாத்திரைக்கு அது அடங்காது. ஒரு மாத்திரை தந்த தொந்தரவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் தொந்தரவுக்கு மூன்றாவது என்று வயசானவர்களின் பை இப்படித்தான் கனக்கிறது.

அம்மாவை முதுகு சாய்த்து உட்கார வைத்து, பேசாமல் ஐந்து நிமிஷம் இருக்கச் சொல்லி, இரண்டு தடவை பிரஷர் பார்த்தார். கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அம்லோடிபினைப் பழையபடி 5 ஆக்கி, எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தார், நீர் மாத்திரையை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும், வறட்டு இருமல் வந்தால் சொல்ல வேண்டும் என்றார். நான் கிளம்பும் முன்பே செருப்பு நுழைந்தது.

அம்மாவின் பெயரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பதிவில் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. இப்போது சுகர், பிரஷர் மாத்திரையை ஊர்ப் பெண் தன்னார்வலர் ஒருவர் மாதாமாதம் வீட்டுக்கே கொண்டு வருகிறார், வரும்போது பிரஷரும் பார்க்கிறார். மாத்திரை அட்டையில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று இருந்தால் தரம் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாக வாங்குகிறது. ஒவ்வொரு தொகுப்பையும் சோதனைக்கு அனுப்பித் தேறிய பிறகே விநியோகிப்பார்கள். இந்த ஏற்பாட்டைப் பார்த்து மற்ற மாநிலங்கள் பின்பற்றியிருக்கின்றன.

குறையும் சொல்ல வேண்டும். திரை இல்லாத அறையில் எல்லோர் முன்னாலும் நோயைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பெண்களுக்கு இது பெரிய தடை. சுகருக்கு மாத்திரை தருவதில் இருக்கிற ஒழுங்கு, பாதத்தையும் கண்ணையும் பார்ப்பதில் இல்லை. இங்கிலாந்தில் டாக்டர் கிடைப்பது கஷ்டம் என்றாலும் சுகர்க்காரர்களுக்குக் கண் பரிசோதனைக்கு அவர்களே கடிதம் போட்டுக் கூப்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். அம்மாவின் பாதத்தை இத்தனை வருஷத்தில் ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை. நானே கேட்ட பிறகுதான் நர்சம்மா பார்த்தார்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம். லெஸ்டரில் சர்க்கரையை மில்லிமோலில் சொல்வார்கள், ஊரில் மில்லிகிராமில். 18-ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். அங்கே 10 என்றால் இங்கே 180. அப்பா அம்மாவின் மாத்திரைகளை, எந்த மாதம் எது மாறியது என்ற தேதியோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் ஞாபகத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

இரண்டு வார ரத்தப் பரிசோதனை நான் திரும்பிய பிறகு எடுத்தார்கள், பொட்டாசியம் சரியாக இருக்கிறது. இருமல் இல்லை. கண் பரிசோதனைதான் பாக்கி. தை பிறந்ததும் அண்ணன் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.