ஆட்டோகிராஃப், 96, மெய்யழகன்: ஊருக்குப் போக முடியாத பொங்கலன்று எதைப் போடலாம்?

பெங்களூரில் இருக்கும் கும்பகோணத்துக்காரனுக்கு ஒரு வசதி உண்டு, சங்கடமும் அதுவேதான்: மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ். சாயங்காலம் சிட்டி ஸ்டேஷனில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்துக்குத் தஞ்சாவூர் தாண்டிக்கொண்டிருக்கும். டெல்லிக்காரர்கள் மாதிரி 'ரொம்ப தூரம்ப்பா, ரெண்டு ராத்திரி போயிடும்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு ராத்திரி தூரத்தில் இருந்துகொண்டு ஊருக்குப் போகாமல் இருப்பவன் சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது.

இந்தப் பொங்கலுக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை. (கிடைக்கலையா, போடலையா என்று மனைவி கேட்டாள். அதை விடுங்கள்.) இப்படி மாட்டிக்கொண்டவர்கள் நாலு குடும்பம் ஹொரமாவில் எங்கள் வீட்டில் கூடிச் சாப்பிட்டுவிட்டு ஒரு படம் போடுவது வழக்கம். ஊருக்குப் போக முடியாதவன் படத்திலாவது யாராவது போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விதி. இந்த வருஷம் சண்டை மூன்று படங்களுக்கு நடுவே. மச்சானுக்கு 'ஆட்டோகிராஃப்', மாடி வீட்டு அக்காவுக்கு '96', எனக்கு 'மெய்யழகன்'. என் மனைவி இங்கேயே, பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். "எனக்கு ஊரே இதுதான். நான் எங்க திரும்பிப் போறது?" என்று நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

தங்கர் பச்சானின் 'அழகி'யையும் ஒருவர் சொல்லிப் பார்த்தார். 2002இல் வந்த அருமையான படம். ஆனால் அதில் அவன் ஊருக்குப் போவதில்லை, ஊர்தான் பட்டணத்து நடைபாதைக்கு வந்து அவன் முன்னால் நிற்கிறது. விதிப்படி சேராது என்று தள்ளிவிட்டோம்.

சரி, ஆட்டோகிராஃப். 2004. சேரன் தானே எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்த படம். கல்யாணப் பத்திரிகையோடு செந்தில் என்று ஒருவன் கிளம்புகிறான். பள்ளிக்கூடத்துக் கமலா, கேரளத்து லத்திகா, சென்னைத் தோழி திவ்யா என்று தன் வாழ்க்கையில் வந்த ஒவ்வொருவரையும் தேடிப்போய் அழைக்கிறான். அந்தப் பத்திரிகைதான் படத்தின் கெட்டிக்காரத்தனம். நம் பக்கத்தில் பழைய வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டும். சும்மா போனால் 'என்ன விஷயம்' என்பார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை இருந்தால் எந்த வாசலும் திறக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் வேறு வேறு ஒளிப்பதிவாளர், மொத்தம் நாலு பேர். கிராமத்து வெயிலும் கேரளத்துத் தண்ணீரும் ஒரே ஆளின் நினைவுக்குள் வேறு வேறு நிறத்தில் இருப்பது அதனால்தான். பரத்வாஜ் பாட்டுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பா. விஜய்க்கும் சித்ராவுக்கும் ஒரே பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஆனால் அது வருத்தத்தின் படமா? எனக்குச் சந்தேகம். செந்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கையில் நல்ல சேதியோடு போகிறான். விதவையாக நிற்கும் லத்திகாவைப் பார்த்து உடைகிறான், நாமும் உடைகிறோம். பிறகு அவன் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொள்கிறான். அவனுடைய வருத்தம் அவன் சேர்த்து வைத்த சொத்து மாதிரி. எடுத்துத் துடைத்துப் பார்த்து மறுபடி பெட்டிக்குள் வைக்கிறான். மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "ஒரு பொண்ணு இதே மாதிரி மூணு பேர் வீட்டுக்குப் பத்திரிகை எடுத்துட்டுப் போனா, வீடு வந்து சேருவாளா?"

இங்கே பக்கத்து வீட்டு கன்னடக்காரரைக் கேட்டால் அது சுதீப் படம் என்பார். 2006இல் 'மை ஆட்டோகிராஃப்' என்று சுதீப் தானே இயக்கி நடித்தார். 96ம் கன்னடம் பேசியது. 2019இல் கணேஷும் பாவனாவும் நடிக்க 'தொண்ணூற்றொன்பது' ஆனது. முதல் காதல் எந்த மண்ணிலும் வேர் பிடிக்கும் போல. மெய்யழகனை அப்படிப் பிடுங்கி நட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதில் உள்ள முக்கால்வாசியும் 'அத்தான்' என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

அக்காவின் கட்சிக்கு வருகிறேன். 96ஐ ஊருக்குத் திரும்பும் படம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் பார்த்தால், பள்ளிக் காதலி ஜானுவை 22 வருஷம் கழித்துச் சந்திக்கும் ராம் தஞ்சாவூரில் இருப்பது கொஞ்ச நேரம்தான். காரில் போகிற வழியில் பழைய பள்ளிக்கூடம், வாட்ச்மேன் ஜனகராஜ், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சென்னை. ஊர் அங்கே ஒரு தீக்குச்சி, எரிவது வேறு இடத்தில். அதில் என்னை உலுக்குவது இரண்டு இடங்கள். ஒன்று, கல்லூரி வாசல் வரைக்கும் தேடி வந்த ராமை, யாரென்று தெரியாமலே பார்க்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்பது இத்தனை வருஷம் கழித்து ஜானுவுக்குத் தெரிய வருவது. இன்னொன்று, ராமின் மாணவிகளிடம் அவள் சொல்லும் பொய்க்கதை. நடக்காமல் போனதை நடந்ததாகவே வைத்து, சிரித்துக்கொண்டே சொல்லி முடிக்கிறாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் அவனுக்கு மட்டும் அது பொய் என்று தெரியும்.

பள்ளியில் அவன் எத்தனையோ தடவை கேட்டும் பாடாத 'தளபதி' பாட்டை, கரண்ட் போன இருட்டில் அவள் பாடும்போது எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். குறை என்று சொன்னால், ராம் அளவுக்கு ஒருவன் நல்லவனாக இருக்கக் கூடாது. தப்பே செய்யாதவனுக்கு நேர்ந்தது விதி. அதை வருத்தம் என்று சொல்லலாமே தவிர, உறுத்தல் என்று சொல்ல முடியாது.

உறுத்தல் மூன்றாவது படத்தில்தான் இருக்கிறது. 96ஐ எடுத்த அதே சி. பிரேம்குமார், ஆறு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில் மெய்யழகனோடு வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் 1996, இங்கேயும் 1996. அங்கேயும் 22 வருஷ இடைவெளி, இங்கேயும் 22. இரண்டிலும் தஞ்சாவூரை விட்டு ஒரு குடும்பம் கிளம்புகிறது. இரண்டிலும் ஒரே ராத்திரி. இரண்டுக்கும் இசை கோவிந்த் வசந்தா. ஒரே மனிதர் ஒரே காயத்தை இரண்டு தடவை திறந்து பார்த்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. முதல் தடவை அங்கே காதல் இருந்தது. இரண்டாவது தடவை வீடு இருந்தது.

சொத்துத் தகராறில் வீட்டை இழந்து தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன் அருள்மொழி. அரவிந்த்சாமி. சித்தப்பா பெண் கல்யாணத்துக்காக மட்டும் நீடாமங்கலம் வருகிறான், அன்றைக்கு ராத்திரியே திரும்பிவிடும் எண்ணத்தில். (நீடாமங்கலத்தில் இறங்கியவன் நினைத்த நேரத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நம்புவதே வேடிக்கை. அந்த ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.) மண்டபத்தில் மேடையிலேயே தங்கையின் காலைத் தூக்கி வைத்துக் கொலுசு மாட்டும் இடம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரியது அதற்கு அப்புறம் வருவது. பஸ்ஸைத் தவறவிட்டவனைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறான் ஒருவன். கார்த்தி. 'அத்தான், அத்தான்' என்று உருகுகிறான். அருளுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. பெயர்கூட.

மற்ற இரண்டு படங்களிலும் திரும்பி வருகிறவன்தான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறான். செந்தில் வைத்திருக்கிறான், ராம் பள்ளிக்கூடத்துச் சட்டை வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறான். நிஜத்தில் ஊரை விட்டுப் போனவன் அப்படியா இருக்கிறான்? ஞாபகம் வைத்திருப்பது அங்கேயே இருப்பவர்கள். நாம் காலி செய்துவிட்டு வந்த வீட்டில் விட்டுவந்த சைக்கிள் ஒன்று ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, அதைத் துடைத்து இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும்போது அருள் ஓடிப்போகிறானே, விடியும் முன்னால், சொல்லிக்கொள்ளாமல், அது எனக்கு மிகவும் தெரிந்த ஓட்டம். படத்தின் பெயராகவே கார்த்தியின் பெயரைப் போட்டு நம் கையில் கொடுத்துவிட்டு, அருளை மட்டும் கடைசி வரை தேட விடுகிறார் இயக்குநர்.

நீளம் ஒரு பிரச்சினைதான், ஒப்புக்கொள்கிறேன். முதல் சில நாள் தியேட்டரில் ஓடியது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பிறகு சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். ஜல்லிக்கட்டு, ஊர் வரலாறு என்று ராத்திரிப் பேச்சு நீண்டுகொண்டே போனது உண்மை. "மாமா, அந்த ஆள் பேசறத நிறுத்தவே மாட்டாரா?" என்று மச்சான் கேட்டான். நிறுத்த மாட்டான். வெண்ணாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த, 22 வருஷமாக ஒரு அத்தானுக்காகக் காத்திருந்தவன் எப்படி நிறுத்துவான்? எனக்கு வெட்டாத படம்தான் பிடித்திருந்தது. விருந்தாளி எப்போது தூங்க விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த அனுபவத்தில் சேர்த்திதான்.

மனைவி இந்த இடத்தில்தான் கேட்டாள், உனக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று. சொன்னேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் மன்னார்குடி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தோளில் ஒரு கை. "டேய் பம்பரம்!" ஆறாம் வகுப்போடு செத்துப்போன பட்டப்பெயர். நரைத்த மீசை, கதர்க்கடைப் பை, சிரித்த முகம். யாரென்று சுத்தமாகத் தெரியவில்லை. தெரிந்த மாதிரியே கால் மணி நேரம் நடித்தேன். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?", "பசங்க என்ன படிக்கிறாங்க?" இந்த இரண்டு கேள்வியில் யாரோடு வேண்டுமானாலும் கால் மணி நேரம் ஓட்டலாம். டீ வாங்கிக் கொடுத்தான், காசு கொடுக்க விடவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "உங்க பாட்டிய நாங்க நாலு பேருதாண்டா தூக்கிட்டுப் போனோம். நீ வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியல."

நான் மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தேன். ஆபீசில் ஒரு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினேன். என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை. அந்த நாலு பேர் யார் யார் என்று அன்றைக்கு நான் கேட்கவும் இல்லை.

பஸ் வந்துவிட்டது. என் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தான். பெயர் கேட்க வாய் வரவில்லை. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து 'கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட்' என்று சேமித்துக்கொண்டேன். வாட்ஸப்பில் பார்த்தால் பெயருக்குப் பதில் இரண்டு கைகூப்பு, படத்தில் அய்யனார். அம்மாவிடம் அடையாளம் சொல்லிக் கேட்டதில் மூன்று பெயர் சொன்னாள். மூன்றும் இல்லை. ஒருவர் துபாயில் இருக்கிறார், ஒருவருக்கு மீசையே கிடையாது, மூன்றாமவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஓட்டெடுப்பில் 96 ஜெயித்தது, மூன்றுக்கு இரண்டு. மச்சானுக்கு ஒரு ஓட்டுதான், அவனுடையது. எனக்கு விழுந்த இரண்டில் ஒன்று மனைவியுடையது. படம் ஓடி, கரண்ட் போகும் காட்சி வந்து, அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போன சமயத்தில் சோபா மேல் கிடந்த என் போன் மினுங்கியது. மனைவிதான் முதலில் பார்த்தாள். பேசாமல் என் பக்கம் திருப்பினாள்.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட்: 'பொங்கல் வாழ்த்துகள்டா பம்பரம். எப்ப வர்ற?'