ஸ்மார்ட் டிவி, ஓடிடி: நாலைந்து வருடம் பார்த்த பிறகு

எங்கள் வீட்டுக்கு 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வந்து நாலைந்து வருடம் ஆகிறது. படம் எப்படி, சத்தம் எப்படி என்பதையெல்லாம் வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடலாம். பழகப் பழகத்தான் தெரிகிற விஷயம் ஒன்று உண்டு. வீட்டின் பழக்கத்தை மாற்றியதில் நிகழ்ச்சிகளைவிட, கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே போட்டு அனுப்புகிற செட்டிங்குகளுக்குத்தான் பங்கு அதிகம்.

அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் காலத்தில் எட்டரை மணி சீரியல் என்றால் எட்டேகாலுக்குள் ரசம் இறங்கிவிடும். விளம்பர இடைவெளியில் எழுந்து போய் இரண்டு தோசை வார்ப்பார், டைட்டில் இசை கேட்டதும் கரண்டியோடு ஓடி வருவார். இப்போது இணையம் வழியாக ஓடும் ஓடிடி ஆப்களில் பார்ப்பதால் அந்த ஓட்டம் இல்லை. ரிமோட்டில் பத்து விநாடி முன்னே தள்ள முடியும் என்று கண்டுபிடித்த பிறகு அரைமணி எபிசோடு பாதி நேரத்தில் முடிகிறது. யாரோ ஒரு அதிர்ச்சிச் செய்தி சொன்னதும், கூடத்தில் நிற்கிற அத்தனை பேர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுவார்களே, அதெல்லாம் போயே போச்சு. சரி, நேரம் மிச்சம்தானே என்றால் அதுவும் இல்லை. தவறவிட்ட பழைய எபிசோடுகள் வரிசையாகத் தானே ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

அடி வாங்கியது எதிர்வீட்டு அக்காவோடு வாசலில் நடக்கும் பேச்சு. அவர் இன்னும் கேபிளில் பார்க்கிறார். அம்மா ஒரு சீரியலில் அவரைவிட ஒரு நாள் முன்னே, இன்னொன்றில் ஒரு வாரம் பின்னே. "ஐயோ, கதையைச் சொல்லிடாதீங்க" என்பதோடு பாதிப் பேச்சு நின்றுவிடுகிறது.

என் கதை சினிமா. தியேட்டரில் காசு கொடுத்து உட்கார்ந்தால் முதல் அரைமணி இழுத்தாலும் பொறுத்துக்கொள்வோம். வீட்டில் பத்து நிமிடம் பிடி கொடுக்கவில்லையென்றால் அடுத்த படம். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகும் தேடல் ஓயாது, சாம்பார் ஆறிப்போகும். இடைவேளையைக் குறிவைத்துத்தான் நம் ஊரில் திரைக்கதையே எழுதுகிறார்கள். ஓடிடியில் அந்த 'இடைவேளை' அட்டை இரண்டு விநாடி வந்து போகிறது, யாரும் எழுந்திருப்பதுகூட இல்லை.

மாற்றிப் பார்த்ததில் பெரிய பலன் கொடுத்தது தானியங்கி ஓட்டத்தை நிறுத்தியது. நெட்ஃபிளிக்ஸில் அடுத்த எபிசோடு தானாக ஓடுவதையும், முகப்பில் நின்றாலே ஓடத் தொடங்கும் முன்னோட்டத்தையும் தனித்தனியாக அணைக்கலாம்; முன்னோட்டத்துக்கான வசதி 2020-இல்தான் வந்தது. ஒவ்வொரு ப்ரொஃபைலிலும் போய்ச் செய்ய வேண்டும். செய்த பிறகு எபிசோடு முடிந்தால் திரை சும்மா நிற்கிறது. 'இன்னொன்று பார்க்கணுமா?' என்று நாமே கேட்டுக்கொள்ள அந்த இடைவெளி போதும். இரவு பதினொன்றரைக்கு அதற்குப் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் பதில் வருகிறது.

அப்புறம் தனியுரிமை செட்டிங். இதைப் பலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். திரையில் ஓடுவது என்னவென்று அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. ஆப் மட்டுமல்ல, செட்டாப் பாக்ஸில் ஓடுவதையும் அது பிடித்துவிடும். அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் ஒப்புதல் கேட்காமல் இப்படித் தகவல் சேகரித்ததாக வழக்கு வந்து, 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. டிவியை முதன்முதலில் போடும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று மளமளவென்று தட்டிக்கொண்டே போவோமே, இதுவும் அதற்குள் சேர்ந்து போயிருக்கலாம். எங்கள் டிவியில் அணைத்தாகிவிட்டது, எந்த வசதியும் குறையவில்லை.

ஓடிடி என்றால் விளம்பரம் கிடையாது என்ற காலமும் மலையேறிவிட்டது. 2025 ஜூனில் பிரைம் வீடியோவும் இந்தியாவில் விளம்பரத்தைக் கொண்டுவந்தது, வேண்டாமென்றால் தனிக்கட்டணம். அது எப்போது வரும், எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரியாததால் அம்மாவுக்குத் தோசை வார்க்கவும் உதவாது.

இனி வாங்குபவர்களுக்கு: பேனலுக்கு, அதாவது திரைக்கு, காசு கொடுங்கள், உள்ளே இருக்கும் 'ஸ்மார்ட்'டுக்கு வேண்டாம். எங்கள் டிவியில் படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. மென்பொருள்தான் தள்ளாடுகிறது, ஒரு ஆப் திறப்பதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம், சில ஆப்களுக்கு அப்டேட்டே நின்றுவிட்டது. டிவியை மாற்றுவதாக இல்லை, டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி ஆப்களை ஓட்டும் ஸ்டிக் ஒன்று வாங்கினால் போதும்.